நாற்பது நிமிட ஹால்ட்

ஏப்ரல் 18

நான் ரிட்டயர் ஆன அன்று ஸ்டேஷனில் ஒரு சால்வை, ஒரு சுவர்க்கடிகாரம், இந்த டைரி மூன்றும் கொடுத்தார்கள். முப்பத்தாறு வருடம் கடிகாரத்தைப் பார்த்தே வாழ்ந்தவனுக்கு இன்னொரு கடிகாரம் கொடுக்கலாம் என்று யாருக்குத் தோன்றியதோ தெரியவில்லை. டைரி உபயோகமானது. ஸ்டேஷன் மாஸ்டராக இருந்த காலம் முழுக்க ஸ்டேஷன் டைரி எழுதியவன் நான். நடந்ததை நடந்தபடி, எதையும் விடாமல் எழுதுவது வழக்கம். அதே ஒழுங்கு இங்கேயும் இருக்கும்.

இன்று காலை வ.உ.சி. மைதானத்தில் நடக்கும்போது கூட வரும் நண்பர் நல்லபெருமாள் தன் சுவிட்சர்லாந்து பயணத்தைப் பதினான்காவது முறையாகச் சொன்னார். "பனியக் கையில அள்ளினேன் வே" என்ற இடம் வந்ததும், "நாங்க நார்வே போறோம்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் எனக்கே விஷயம் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து மனைவி ஆவுடையம்மாளிடம் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

"நார்வேக்கா?"

"சும்மா ஊர் பாக்கத்தான். டூர்."

"சரிங்க" என்றாள். மதியம் கீரையில் ஏகப்பட்ட தண்டு கிடந்தது.

ஏப்ரல் 19

ஒன்றைப் பதிவு செய்துவிடுகிறேன். எங்கள் ஒரே மகள் மங்கையர்க்கரசி நார்வேயில், ட்ரான்ட்ஹைம் என்ற ஊரில், ஆஸ்பத்திரி வேலையில் இருக்கிறாள். மூன்று வருடம் முன்பு அந்த ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவரை எங்களைக் கேட்காமல் கல்யாணம் செய்துகொண்டாள். அன்றிலிருந்து நான் அவளுடன் பேசுவதில்லை. வெள்ளைக்காரர் என்பது என் குறை அல்ல. கேட்கவில்லை என்பதுதான்.

ரயில்வேயில் ஒரு வண்டியை அனுப்ப வேண்டுமானால் முதலில் அடுத்த ஸ்டேஷனிடம் 'லைன் கிளியர்' கேட்க வேண்டும். பாதை காலியாக இருக்கிறது, அனுப்பலாம் என்று அங்கிருப்பவர் சொன்னால்தான் இங்கே சிக்னல் கொடுக்கலாம். கேட்காமல் வண்டியை விட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. என் சர்வீஸில் நான் ஒருநாளும் அப்படி விட்டதில்லை. என் மகள் விட்டுவிட்டாள்.

ஆனால் நார்வே பெரிய நாடு. ஏதோ ஒரு ஊரில் ஒருத்தி இருக்கிறாள் என்பதற்காக முழு நாட்டையும் ஒதுக்கிவைப்பது நியாயம் இல்லை.

மே 6

முருகன்குறிச்சியில் ஜெபஸ்டின் என்ற தம்பி சுற்றுலா ஆபீஸ் வைத்திருக்கிறார். போய்ப் பார்த்தோம்.

"வடக்கே கடைசி வரைக்கும் போகணும் தம்பி. ட்ரான்ட்ஹைம் மட்டும் வேண்டாம்" என்றேன்.

அவர் கம்ப்யூட்டரில் படத்தைத் திருப்பிக் காட்டினார். "ஆஸ்லோவுல ஏறுனா வடக்க போற வண்டிக்கு அங்கதான் சார் மாறணும். வேற பாதை கெடையாது."

விமானத்தில் போகலாமே என்று ஆவுடையம்மாள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவன் ரயில் இருக்கும்போது விமானம் ஏறுவதா என்று நானும் விட்டுவிட்டேன். இணைப்பு வண்டிக்கு நடுவே நாற்பது நிமிடம். பிளாட்பாரத்தை விட்டு வெளியே வரப்போவதில்லை என்று ஜெபஸ்டினிடம் கண்டிப்பாகச் சொன்னேன். இதை ஏன் என்னிடம் சொல்கிறீர்கள் என்பதுபோல் அவர் பார்த்தார்.

புறப்பாடு ஜூலை 18. அந்த மாதம் வடக்கே சூரியன் மறைவதே இல்லையாம்.

மே 7

டைம்டேபிள் எழுதினேன். நிலையம், வருகை, ஹால்ட் என்கிற நிற்கும் நேரம், புறப்பாடு என்று நான்கு கட்டம். ட்ரான்ட்ஹைம், ஹால்ட் 0.40. நகல் வேண்டும் என்று ஆவுடையம்மாள் போனில் படம் எடுத்துக்கொண்டாள். அவளுக்கு டைம்டேபிளில் இவ்வளவு ஆர்வம் இருப்பது இத்தனை வருடம் எனக்குத் தெரியாது.

மே 25

அக்னி நட்சத்திரம். ஜங்ஷனில் ஸ்வெட்டர் வாங்கப் போனோம். தெருவில் நாய்கூட இல்லை. கடைக்காரர் பரண் மேல் ஏறி, தூசு தட்டி எடுத்துப் போட்டார்.

"ஊட்டிக்கா சார்?"

"நார்வே."

"அது ஊட்டிக்கும் மேலயோ?"

"இன்னும் கொஞ்சம் மேல" என்றேன்.

எனக்கொன்று, அவளுக்கொன்று வாங்கினோம். மூன்றாவதாக இன்னொன்றும் எடுத்தாள். நீல நிறம். தோளில் வைத்துப் பார்த்தால் எனக்கு முழங்கால் வரை வந்தது. யாருக்கு என்றேன். "தள்ளுபடியில போட்டிருக்காங்க, கெடக்கட்டும்" என்றாள். தள்ளுபடி என்று அந்தக் கடையில் எங்கும் எழுதியிருக்கவில்லை.

ஜூன் 15

ஆவுடையம்மாளுக்கு ஒரு சந்தேகம். சூரியன் மறையாத ஊரில் சாயங்கால விளக்கு எப்போது ஏற்றுவது? ஜெபஸ்டினிடம் போன் போட்டுக் கேட்டேன். இதுவரை யாரும் கேட்டதில்லை என்றார்.

"நம்ம ஊர்ல ஆறரை அடிக்கும்போது ஏத்திடுதேன். சாமி இங்கதான இருக்கு" என்று அவளே முடிவு செய்துவிட்டாள். எனக்கென்னவோ சமாதானம் ஆகவில்லை. சாஸ்திரம் என்று ஒன்று இருக்கிறது.

ஜூன் 22

ஞாயிற்றுக்கிழமைகளில் நாலு மணிக்கு ஆவுடையம்மாள் அடுப்படிக்குள் போய்க் குக்கரை வைத்துவிட்டு யாருடனோ போனில் பேசுகிறாள். குக்கர் சத்தத்தில் எனக்கு எதுவும் கேட்பதில்லை. யார் என்றும் நான் கேட்டதில்லை. அந்த நபருக்கு இந்த வாரம் ஜலதோஷம் தேவலை. வேலையில் புது மிஷின் வந்திருக்கிறது. மல்லிகைச் செடி ஜன்னலுக்கு உள்ளே வைத்தும் பூக்கவில்லை.

செடியை ஜன்னலின் தெற்குப் பக்கம் மாற்றச் சொன்னால் தேவலை. பொதுவாகச் சொல்கிறேன்.

ஜூலை 2

காலண்டரைப் பார்த்தேன். ஜூலை 17 ஆடி ஒன்று. ஆடி மாதத்தில் இவ்வளவு தூரம் கிளம்புவது சரியில்லை. இத்தனை நாள் எப்படிக் கவனிக்காமல் விட்டேன் என்று எனக்கே ஆச்சரியம்.

சொன்னதும் ஆவுடையம்மாள் என்னைக் கொஞ்சநேரம் பார்த்தாள். "அப்போ எப்ப?" என்றாள்.

இலையுதிர் காலம். மரமெல்லாம் மஞ்சளும் சிவப்புமாக இருக்குமாம். அது இன்னும் நல்லது.

ஆகஸ்ட் 20

இரண்டாவது டைம்டேபிள். புறப்பாடு செப்டம்பர் 26. ஒரு மாற்றம் செய்திருக்கிறேன். நாற்பது நிமிட இணைப்பு ஆபத்தானது. முன்வண்டி தாமதமானால் பின்வண்டி போய்விடும். அனுபவத்தில் சொல்கிறேன். அதனால் அடுத்த வண்டிக்கு மாற்றினேன். ட்ரான்ட்ஹைம், ஹால்ட் 2.10.

"ரெண்டு மணி நேரம் பிளாட்பாரத்துலயே இருப்பீங்களா சார்?" என்றார் ஜெபஸ்டின்.

"டீ குடிப்போம்" என்றேன்.

ஆவுடையம்மாள் படம் எடுத்துக்கொண்டாள்.

செப்டம்பர் 9

26ஆம் தேதி புரட்டாசி.

எங்கள் வீட்டில் புரட்டாசிச் சனிக்கிழமை விசேஷமாகக் கும்பிடுவோம் என்று சொன்னேன். "எந்த வருஷம் கும்பிட்டோம்?" என்றாள். இந்த வருடத்திலிருந்து என்றேன். பருப்பு வடை சுடச் சொன்னேன். சுட்டாள். கல்லாக இருந்தது.

குளிர்காலம்தான் சரி. வானத்தில் பச்சை வெளிச்சம் தெரிவது அப்போதுதான். நல்லபெருமாள் அதைப் பார்த்ததே இல்லை.

நவம்பர் 11

மூன்றாவது டைம்டேபிள். புறப்பாடு டிசம்பர் 20. ராத்திரி வண்டியில் போனால் ஜன்னலில் ஒன்றும் தெரியாது. ஆகவே ட்ரான்ட்ஹைமில் ஒரு ராத்திரி ஓட்டலில் தங்கி, காலை வண்டி பிடிப்பதாகப் போட்டிருக்கிறேன்.

"டிசம்பர்ல அங்க வடக்க பகல்லயும் இருட்டுதான் சார்" என்றார் ஜெபஸ்டின்.

"பகல் இருட்டு வேற, ராத்திரி இருட்டு வேற தம்பி."

அவர் விசா பாரத்தை எடுத்து ஒவ்வொரு கேள்வியாகப் படித்து நிரப்ப ஆரம்பித்தார். பெயர், பிறந்த தேதி, வேலை. இதற்கு முன் வெளிநாடு போனதுண்டா? இல்லை.

"அங்க சொந்தக்காரங்க யாராவது இருக்காங்களான்னு கேக்கான் சார்."

"இல்லைன்னு போடு."

பக்கத்து நாற்காலியில் இருந்த ஆவுடையம்மாள் எழுந்து வெளியே போய் ஆட்டோவில் உட்கார்ந்துகொண்டாள். மீதிப் பாரத்தை இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று நானும் எழுந்து வந்துவிட்டேன். வீடு வரை ஆட்டோ டிரைவர் மட்டும்தான் பேசினார்.

டிசம்பர் 3

பெரிய பெட்டியை நகர்த்திப் பார்த்தேன். நகரவில்லை. திறந்தால் கூழ்வத்தல், மிளகாய்ப்பொடி, நீல ஸ்வெட்டர். அடியில் வேட்டி சுற்றி வைத்த பித்தளைக் குத்துவிளக்கு. மங்கை பத்தாவது படிக்கும்போது அவள் கல்யாணத்துக்கு என்று வாங்கி வைத்தது.

"டூருக்கு எதுக்கு குத்துவிளக்கு?"

"நீங்கதான சாயங்கால விளக்குக்கு அவ்வளவு கவலப்பட்டீங்க?"

மறுபடி சுற்றி வைத்தேன். முன்பு சுற்றியதைவிட நன்றாகவே சுற்றினேன்.

டிசம்பர் 10

இன்று நடந்தது.

காபி குடித்துக்கொண்டே, "பதினாறாம் தேதி மார்கழி பொறக்குது. மார்கழியில மனுசன் பயணம் கெளம்புவானா?" என்றேன்.

ஆவுடையம்மாள் டம்ளரைக் கீழே வைத்தாள். சத்தம் போடவில்லை. பிளாட்பாரத்தில் அறிவிப்பு சொல்வதுபோல ஒரே குரலில் சொன்னாள்.

"அவ மொதல்ல ஜூலையில கல்யாணம் வைக்கட்டுமான்னு கேட்டா. ஆடின்னீங்க. செப்டம்பர்னா. புரட்டாசின்னீங்க. டிசம்பர்ல எல்லாருக்கும் லீவு, தோதா இருக்கும்னா. மார்கழின்னீங்க. சரின்னு தையில வச்சா. தைப்பூசம், பழனி ஸ்பெஷல் ஓடும், எனக்கு லீவு கெடைக்காதுன்னீங்க. உங்க ஸ்டேஷன்ல பழனி வண்டி என்னைக்குங்க நின்னுருக்கு?"

நான் ஆறிப்போன காபியை ஆற்றிக்கொண்டிருந்தேன்.

"நாலு தடவ கேட்ட பிள்ளைய, கேக்காமப் பண்ணிட்டான்னு ஊரெல்லாம் சொன்னீங்க. நானும் வாய மூடிட்டு இருந்தேன். இப்ப நாம போறதுக்கும் அதே ஆடி, அதே புரட்டாசி, அதே மார்கழி. தைக்கு என்ன வச்சிருக்கீங்கன்னு இப்பவே சொல்லிருங்க. பெட்டியப் பரண்ல ஏத்திடுதேன்."

டிசம்பர் 11

இட்லி. பேச்சு இல்லை.

டிசம்பர் 12

இட்லி. சட்னி இல்லை. பேச்சும் இல்லை.

டிசம்பர் 14

ஞாயிறு. அவள் குக்கர் வைக்காமலே போன் பேசினாள், கூடத்திலேயே உட்கார்ந்து. நான் வெளியே போய் அரை மணி நேரம் செருப்பைத் துடைத்தேன்.

டிசம்பர் 20

இன்று கிளம்பியிருக்க வேண்டிய நாள்.

ஸ்டேஷன் டைரியில் ஒன்றைத் தவறாக எழுதிவிட்டால் அடித்து மறைக்கக்கூடாது. 'திருத்தம்' என்று போட்டுச் சரியானதை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

திருத்தம். ஏப்ரல் 19 அன்று, எங்களைக் கேட்காமல் கல்யாணம் செய்துகொண்டாள் என்று எழுதியது தவறு. கேட்டாள். நான்கு முறை கேட்டாள். நான்கு முறையும் நான் லைன் கிளியர் கொடுக்கவில்லை. பாதை காலியாகத்தான் இருந்தது.

லீவும் இருந்தது. ரிட்டயர் ஆனபோது எடுக்காத லீவு முந்நூறு நாள் என் பெயரில் கிடந்தது. அதற்குக் கொடுத்த பணத்தில்தான் இந்த டூரே. போயிருக்கலாம். அவள் அவ்வளவு தூரத்தில், நாங்கள் இல்லாமலே ஒரு வீடும் ஒரு மனிதரும் தேடிக்கொண்டது எனக்குத் தாங்கவில்லை. அதை அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. மாதங்களின் பெயரைச் சொன்னேன்.

இப்போது வேறு பயம். ஏழு மாதமாக டைம்டேபிள் போட்டிருக்கிறேனே தவிர, அந்த ஸ்டேஷனை ஒருதடவைகூடக் கேட்கவில்லை. நான் கேட்டு, அவள் முடியாது என்று சொல்லிவிட்டால்? அவளுக்கு அந்த உரிமை நான்கு தடவைக்கு இருக்கிறது.

கோ. கோமதிநாயகம்.

ஜனவரி 5

போனை எடுத்தேன். வைத்தேன்.

ஜனவரி 11

போனை எடுத்தேன். தப்பாகக் கேஸ் கம்பெனிக்குப் போய்விட்டது. சிலிண்டர் பதிவு செய்தேன்.

ஜனவரி 18

ஞாயிறு. மாலை நாலு மணி. அங்கே காலை பதினொன்றரை.

மங்கையின் நம்பர் என் போனில் எப்போதும் உண்டு. 'ட்ரான்ட்ஹைம் ஸ்டேஷன்' என்று பதிந்திருக்கிறேன். பேச வேண்டியதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு கூப்பிட்டேன். மூன்றாவது மணியில் எடுத்துவிட்டாள். தாளில் இருந்தது ஒன்றும் வாயில் வரவில்லை. முப்பத்தாறு வருடம் பேசிய பேச்சுதான் வந்தது.

"கோமதிநாயகம் பேசுதேன். பாளையங்கோட்டையில இருந்து. ஒரு வண்டி அனுப்பணும். லைன் கிளியர் கெடைக்குமா?"

எதிர்ப்பக்கம் சத்தமே இல்லை. சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொரு வினாடி. அந்தக் கடிகாரத்துக்கு அன்றுதான் ஒரு வேலை வந்தது.

"எத்தன நிமிஷம்ப்பா ஹால்ட்?" என்றாள்.

குரல் அப்படியே இருந்தது. கொஞ்சம் ஜலதோஷம் பிடித்தது மாதிரி இருந்தது.

"ஹால்ட் பத்தி ஒனக்கு யாரு சொன்னா?"

"அம்மா ஒவ்வொரு டைம்டேபிளையும் போட்டோ எடுத்து அனுப்பிட்டா. மொதல்ல நாப்பது நிமிஷம்னு வந்துச்சு. அன்னைக்கு லீவு போட்டேன். பிளாட்பாரத்துல வந்து நிக்கலாம்னு. அப்புறம் ரெண்டு மணி பத்து நிமிஷம்னு வந்துச்சு. அதுக்கும் போட்டேன். ஒரு ராத்திரி தங்குவீங்கன்னு வந்தப்ப உங்க மாப்பிள்ள சிகுர்டும் லீவு போட்டு, வீட்டுக்குப் பெயின்ட் அடிச்சாரு. உங்களுக்குப் பிடிக்கும்னு ரயில் பெட்டி கலர்ல அடிச்சிருக்காரு. கண்றாவியா இருக்கு."

"நாப்பது நிமிஷத்துக்கா ஏட்டி லீவு போட்ட?"

"நாப்பது நிமிஷம் போதும்னு தோணுச்சுப்பா."

முந்நூறு நாளை எடுக்காமல் வைத்திருந்தவன் நான். அழுதேன். நடந்ததை நடந்தபடி எழுதுவதாகச் சொல்லியிருப்பதால் அதையும் பதிவு செய்கிறேன். அடுப்படி வாசலில் ஆவுடையம்மாள் நின்றுகொண்டிருந்தாள். அடுப்பில் குக்கர் இல்லை.

"அப்பா, இருக்கீங்களா? லைன் கிளியர் குடுத்தாச்சு. அனுப்புங்க" என்றாள் மங்கை. "ஆனா தேதிய மட்டும் மாத்தாதீங்க. லீவு கேட்டுக் கேட்டு ரத்து பண்ணுதேன்னு இங்க எல்லாரும் சிரிக்காங்க."

மாற்ற மாட்டேன் என்றேன். மல்லிகைச் செடியைத் தெற்கு ஜன்னலுக்கு மாற்றச் சொன்னேன். ஜூன் மாதமே மாற்றிவிட்டாளாம். அம்மா சொன்னாளாம். என் டைரியை இந்த வீட்டில் யார் படிக்கிறார்கள் என்று விசாரிக்க வேண்டும்.

பிப்ரவரி 9

புறப்பாடு மே 3, சித்திரை மாதம். சித்திரைக்கு எதிராக என்னிடம் எதுவும் இல்லை. தேடவும் இல்லை.

பெட்டியில் எடை கூடிவிட்டது. குத்துவிளக்கை எடுத்துவிடலாமா என்று ஆவுடையம்மாள் ஒரு பேச்சுக்குக் கேட்டாள். என் இரண்டு பேன்ட்டையும் தெர்மாஸ் பிளாஸ்கையும் எடுத்து வெளியே வைத்தேன். பேன்ட் அங்கே மாப்பிள்ளையிடம் வாங்கிக்கொள்ளலாம். மடித்து விட்டுக்கொண்டால் போயிற்று.

மார்ச் 8

ஜெபஸ்டினிடம் போனோம். விசா பாரத்தை முதலிலிருந்து நிரப்பினோம். சொந்தக்காரர் கேள்வி வந்ததும், "மகள், மாப்பிள்ளை" என்று நானே சொன்னேன். இரண்டு பெயரையும் எழுத்து எழுத்தாகச் சொன்னேன். ஆவுடையம்மாள் நாற்காலியிலேயே இருந்தாள்.

பிறகு கடைசி டைம்டேபிளைக் கொடுத்தேன். அவர் விரலை வைத்துக்கொண்டே கீழே வரை படித்தார்.

"வடக்க போற வண்டி, கப்பல், பச்ச வெளிச்சம் எல்லாம் எங்க சார்?"

"அது இன்னொரு தடவ பாத்துக்கலாம் தம்பி."

"ட்ரான்ட்ஹைம்ல வருகை போட்டிருக்கீங்க. ஹால்ட்டும் போடல, புறப்பாடும் போடல. விட்டுப்போச்சா?"

"விட்டுப்போகல. வண்டி முடியுற ஸ்டேஷனுக்குப் புறப்பாடு நேரம் போட மாட்டாங்க."

அவர் தலையைச் சொறிந்தார். "விசாவுக்கு ரிட்டர்ன் டிக்கெட் காட்டணுமே சார்."

"காட்டுவோம். அது வேற வண்டி தம்பி. அதுக்கு வேற நம்பர்."